காலிமுகத்திடலில் ஆர் ஆரிட்ட அனுமதி கேட்பது?

போன வருஷம் எங்கட குழு ஒரு தெருநாடகம் போட நினைத்தது. நாற்பது நிமிஷ நாடகம், ஒரு பறை, இரண்டு மைக். ஊர் மைதானத்தைக் கேட்டு உள்ளூராட்சி சபைக்கு ஒரு கடிதம், ஒலிபெருக்கிக்காக பொலிஸுக்கு ஒரு கடிதம், கிராம சேவையாளரிட்ட ஒரு கையெழுத்து. இதெல்லாம் முடிந்த பிறகு நாடகப் பிரதியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஒரு தொலைபேசி அழைப்பு. மூன்று கிழமை அலைந்து, கடைசியில் ஒரு மண்டபத்துக்குள் கதவைச் சாத்திப்போட்டு அதை நடித்து முடித்தோம்.

அதே மைதானத்தில் அந்த வருஷம் சித்திரையில் பக்கத்து முகாம் புத்தாண்டு விளையாட்டு விழா நடத்தியிருந்தது. பந்தல், பெரிய ஸ்பீக்கர், கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், பான்ட் வாத்தியம். சபையில் இருந்த அலுவலரிடம், "அவைக்கு ஆர் அனுமதி குடுத்தது?" என்று கேட்டோம். அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: "தம்பி, அவை கேக்கிறேல்ல. அறிவிக்கிறவை."

கேட்பது, அறிவிப்பது. இந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் இந்தக் கட்டுரை. அந்தத் தூரத்தை அளந்து பார்க்க எங்கட ஊர் மைதானத்தை விட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கொழும்புக்குப் போன எல்லாரும் ஒருக்காவாவது இறால் வடை சாப்பிட்ட இடம், காலிமுகத்திடல்.

பீரங்கிக்காக வெட்டவெளியான நிலம்

இன்றைக்குத் திடல் சுமார் 5 ஹெக்டேயர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹோட்டல்கள், வடக்கே பழைய பாராளுமன்றக் கட்டடம். அதுதான் இப்போது ஜனாதிபதி செயலகம். பட்டம் விடுகிற பிள்ளைகளும் குடை பிடித்த காதலர்களும் இருக்கிற இந்த இடத்தின் தொடக்கம் இராணுவத் தேவைதான். கொழும்புக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தருக்கு, பீரங்கிக் குண்டு போற வழியில் மரமோ வீடோ மறைக்காத வெளி தேவைப்பட்டது.

ஆங்கிலேயர் வந்த பிறகு அதே வெளி பொழுதுபோக்கு இடமானது. குதிரைப் பந்தயம் நடந்தது, கிரிக்கெட் விளையாடினார்கள். 1879இல் கொழும்பின் கோல்ஃப் கழகம் தொடங்கியதும் இங்கேதான். 1856இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் கடலோர நடைபாதையைத் தொடங்கி 1859இல் முடித்தார். முடித்துவிட்டு ஒரு கல்லும் நட்டார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இந்த நடைபாதையைத் தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைப்பதாக அந்தக் கல் சொல்கிறது.

அந்தக் "கொழும்பின் பெண்கள், பிள்ளைகள்" என்பதில் கூலித் தொழிலாளியின் பிள்ளை சேர்த்தி இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். காலனித்துவ ஆளுநர் ஒருவரை நல்லவராக்குவது என்ட நோக்கமும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ. இந்த நிலம் ஆட்சியாளருக்குச் சொந்தமில்லை, அவர் அதைப் பார்த்துக்கொள்ள மட்டுமே வேண்டும் என்கிற யோசனை ஒரு ஆட்சியாளரின்ட பெயரிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் மிச்சக் கதை.

1956: புல்லில் உட்கார்ந்தவர்கள்

1956 ஜூன் 5. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்த நாள். பாராளுமன்றம் அப்போது திடலின் ஓரத்திலேயே இருந்தது. செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் செய்ய வந்தார்கள். பாராளுமன்றத்தை நெருங்க பொலிஸ் விடவில்லை. அவர்கள் காலிமுகத்திடல் புல்லில் உட்கார்ந்தார்கள். கும்பல் ஒன்று வந்து அவர்களை அடித்தது. பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தலையில் அடிபட்ட அமிர்தலிங்கம் கட்டுப் போட்ட தலையோடு பாராளுமன்றத்துக்குள் போனது எங்கட வீடுகளில் இன்றைக்கும் சொல்லப்படுகிற கதை. அன்றைக்குத் தொடங்கிய வன்முறை கொழும்புக்குள் பரவியது. சில நாட்களில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

இந்தச் சம்பவத்தை மொழிப் பிரச்சினையின் வரலாறாகத்தான் நாங்கள் படித்திருக்கிறோம். அதை நிலத்தின் வரலாறாகவும் படிக்கலாம். திடலில் உட்காரத் தடை இருந்ததோ இல்லையோ, உட்கார்ந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கவில்லை. ஒரு பொது இடத்தில் நிற்க "அனுமதி" என்றால் ஒரு கடதாசி மட்டும் போதாது. அடி விழும்போது அரசு யாருடைய பக்கம் நிற்கும் என்பதும் அதற்குள் அடக்கம். அந்தப் பாதி 1956இல் தமிழருக்கு இருக்கவில்லை.

2009: திடல் முழுக்க இராணுவம்

2009 ஜூன் 3. போர் முடிந்து இரண்டு கிழமைதான். காலிமுகத்திடலில் தேசிய வெற்றி அணிவகுப்பு. தரையில் டாங்கிகளும் பல்குழல் பீரங்கிகளும், வானத்தில் விமானங்கள், கடலில் கடற்படைக் கலங்கள். அதே நேரத்தில் வவுனியா மெனிக் பாம் முட்கம்பிக்குள் இலட்சக்கணக்கான சனம் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. இதை வாசிக்கிற சிலர் அந்த வரிசையில் அம்மாவின்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு இது வருடாந்த விழாவானது. 2010இல் மே மாத வெள்ளத்தால் ஜூனுக்குத் தள்ளிப்போனது, நிற்கவில்லை. 2011, 2012, 2013 என்று திடலிலேயே நடந்தது. 2013இல் அது மே 18ஆம் திகதியே வந்தது. 2014இல் மாத்தறைக்குப் போனது. அந்த 2014 மே நாட்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்தது. ஒரே கிழமை, ஒரே நாடு. தெற்கில் கடற்கரை வீதியில் பீரங்கி ஊர்கிறது, வடக்கில் மாணவர்கள் ஒரு சுட்டி விளக்கு கொளுத்தக்கூடாது என்று வளாகத்தின் கதவு பூட்டப்படுகிறது.

இந்த அணிவகுப்புகளுக்கு யார் யாரிடம் விண்ணப்பித்தது? திடல் நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் வருகிற நிலம். அந்த அதிகார சபை, போர் முடிந்த சிறிது காலத்தில் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே கொண்டுவரப்பட்டது. 2010இலிருந்து 2015 தொடக்கம் வரை அந்த அமைச்சின் பெயரே "பாதுகாப்பு மற்றும் நகர அபிவிருத்தி". செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ. நிலத்தைக் கொடுக்க வேண்டியவரும் நிலத்தைக் கேட்க வேண்டியவரும் ஒரே மேசையில், ஒரே கதிரையில். தன்னிடமே தான் அனுமதி கேட்கிற ஒரு ஏற்பாட்டில் "முடியாது" என்ற பதில் எங்கேயிருந்து வரும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இராணுவத் தலைமையகமே அப்போது திடலின் முன்னால்தான் இருந்தது. அந்த நிலத்தில் 10 ஏக்கரை ஷங்ரி-லா ஹோட்டலுக்கு விற்றார்கள். எதிரி கைப்பற்ற முடியாத நிலம் என்று மேடையில் பேசியவர்கள் டொலருக்கு அதைக் கைமாற்றினார்கள். ஹோட்டல் 2017இல் திறந்தது. பொதுக் காணி என்று நாங்கள் சொல்வதை அரசு "அரச காணி" என்று வாசிக்கிறது. அரச காணி என்றால் அதை வைத்திருக்கவும், மூடவும், விற்கவும் அரசால் முடியும். வலிகாமம் வடக்கிலும் கேப்பாப்புலவிலும் இந்த வாசிப்பு என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அங்கே தனியார் காணிக்கே இந்தக் கதி.

சட்டம் உண்மையில் என்ன சொல்லுது?

இந்தக் கட்டுரைக்காக வாசித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்தது இந்தப் பகுதிதான்.

பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆவது பிரிவு ஊர்வலங்களைப் பற்றியது. பொது இடத்தில் ஊர்வலம் போகிறவர்கள் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலம் முன்னதாக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அறிவித்தல்! அனுமதி என்ற சொல்லே அங்கே முதலில் வரவில்லை. ஒழுங்கு கெடும் என்று பட்டால் உயர் பொலிஸ் அதிகாரி ஊர்வலத்தைத் தடுக்கலாம், நிபந்தனை போடலாம். ஆனால் தொடக்கப் புள்ளி, குடிமகன் அறிவித்துவிட்டுப் போகலாம் என்பதுதான். அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை அமைதியாகக் கூடும் உரிமையைத் தருவதும் இதே அடிப்படையில்தான்.

மைதானம், மண்டபம் என்றால் அந்த இடத்தின் நிர்வாகத்திடம் கேட்பது வேறு விஷயம். அது நியாயமும்கூட. ஒரே நாளில் இரண்டு பேர் வந்தால் யாராவது ஒரு அட்டவணை வைத்திருக்கத்தானே வேண்டும். ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. ஆனால் நாடகப் பிரதியைக் காட்டு என்று கேட்க இந்த இரண்டிலும் இடமில்லை.

மற்றது, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆவது பிரிவு. பொதுத் தொல்லையைத் தடுக்க நீதவான் அவசரக் கட்டளை ஒன்றைப் பிறப்பிக்கலாம். சாதாரணமாக அது பதினான்கு நாட்கள் வரைக்கும்தான் செல்லும். போராட்டம் ஒன்று வருகுது என்று மணந்தால் பொலிஸ் ஓடுவது இந்தப் பிரிவைத் தேடித்தான். வடக்கு கிழக்கில் நினைவேந்தல் மாதங்களான மேயிலும் நவம்பரிலும் ஆட்களின் பெயரைக் குறிப்பிட்டுத் தடைக்கட்டளை வாங்குவது பல வருடங்களாக ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அழுவது பொதுத் தொல்லை. டாங்கி ஓட வீதியை மூடுவது தொல்லையில்லை.

எங்கட சபை அலுவலர் சொன்னதைத் திரும்ப யோசித்துப் பாருங்கோ. "அவை கேக்கிறேல்ல, அறிவிக்கிறவை." சட்டப்படி ஊர்வலம் போகிற குடிமக்களுக்கு இருக்கிற உரிமை அது. நடைமுறையில் அது சீருடைக்குப் போய்விட்டது. எங்களுக்கு மிஞ்சியது கேட்பது, கெஞ்சுவது, காத்திருப்பது.

கொடுத்த கையும் மறுத்த கையும்

அரசாங்கம் மாறினால் இது மாறுமா? திடலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

2015இல் வந்த அரசாங்கம் "வெற்றி நாள்" என்ற பெயரைக் கைவிட்டது. 2016 பெப்ரவரி 4, திடலில் நடந்த சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 1949க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அதையும் இராணுவ அணிவகுப்பு நடந்த அதே விழாவில்தான் கேட்க வேண்டியிருந்தது. 2017 மே தினத்துக்கு மகிந்த தரப்புக்குத் திடலை ஒதுக்கினார்கள். அவர்களால் நிரப்ப முடியாது என்ற கணக்கில் கொடுத்தது என்று அப்போது கதை. சனம் வந்து நிரம்பியது. அனுமதி என்பது அரசியல் பகடைக்காய் என்பதற்கு இதைவிட வெளிப்படையான உதாரணம் கிடையாது.

கோட்டாபய ஜனாதிபதியான பிறகு, செயலகத்தின் எதிரே ஒரு துண்டு நிலத்தை ஆர்ப்பாட்டம் செய்பவர்களுக்கென்று ஒதுக்கிப் பெயர்ப்பலகையும் வைத்தார்கள். கோபப்படுவதற்கு ஒரு கூடு கட்டிக் கொடுத்த மாதிரி. 2022 ஏப்ரல் 9ஆம் திகதி வந்த கூட்டம் அந்தக் கூட்டுக்குள் அடங்கவில்லை. யாரிடமும் கேட்காமல் கூடாரம் அடித்தது, நூலகம் வைத்தது, சமைத்தது. மே 9இல் ஆளும் தரப்பின் ஆட்கள் வந்து அடித்தார்கள். 1956இல் நடந்ததை வாசித்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருந்திருக்காது. ஜூலை 22 விடியப்புறம் படையினர் வந்து போராட்டக்காரர்களை அடித்து, ஜனாதிபதி செயலகத்தையும் அதன் சுற்றாடலையும் தம் கட்டுப்பாட்டில் எடுத்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னதாகப் பதில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பிறப்பித்த அவசரகால ஒழுங்குவிதிகள் அடிப்படை உரிமைகளை மீறின என்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. மூன்று வருஷம் கழித்து.

2022 செப்டெம்பரில் கொழும்பின் பல இடங்கள் உயர் பாதுகாப்பு வலயங்களாக வர்த்தமானியில் வந்தன. எதிர்ப்பு எழுந்ததும் ஒக்டோபர் முதலாம் திகதி மீளப்பெறப்பட்டன. 2023 பெப்ரவரி 4, வங்குரோத்தான நாட்டின் 75ஆவது சுதந்திர தினம் அதே திடலில் முழு இராணுவ மரியாதையுடன். 20 கோடி ரூபா செலவு என்று பேச்சடிபட்டது. அந்தச் செலவை எதிர்த்து முந்தின இரவு மருதானையில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் அடித்துக் கலைத்தார்கள். அதே நாள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கறுப்புநாள் பேரணி தொடங்கினார்கள். அந்த வருஷமே, திடலைச் சமூகப் பொறுப்பு சார்ந்த நிகழ்வுகளுக்கு மட்டும்தான் கொடுப்பது என்று அமைச்சரவை முடிவெடுத்தது. 2024 பெப்ரவரி 4 அங்கே மறுபடியும் அணிவகுப்பு.

2025இல் புதிய அரசாங்கம் சுதந்திர தினத்தைச் சுதந்திர சதுக்கத்தில் நடத்தியது. கவச வாகனங்கள் இல்லை, படையினரின் எண்ணிக்கையும் குறைவு. இது நல்ல மாற்றம்தான், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் இது ஒரு அரசாங்கத்தின் விருப்பம். அடுத்தவருக்கு விருப்பம் வேறாக இருந்தால் தடுக்க எந்த விதியும் இன்னும் எழுதப்படவில்லை.

எங்களை நாங்களும் கேட்க வேண்டிய கேள்வி

இதை வாசித்துவிட்டு, "அப்ப இயக்கம் அனுமதி கேட்டுத்தான் செய்ததோ?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளிநொச்சியில் நடந்த அணிவகுப்புகளுக்கும் யாரும் விண்ணப்பம் நிரப்பவில்லை. அங்கேயும் ஒரு தரப்பின் துக்கத்துக்கு மட்டுமே மேடை இருந்தது. மற்ற இயக்கங்களில் இறந்த பிள்ளைகளின் தாய்மார் வீட்டுக்குள்தான் அழுதார்கள். துயிலும் இல்லங்களை இராணுவம் இடித்து, கோப்பாயில் அதன் மேலேயே முகாம் கட்டியது பெரிய அநியாயம். அந்த அநியாயத்தைப் பேசுகிற நாங்கள், பொது வெளி யாருக்கும் முழுசாகச் சொந்தமாகக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். இறந்த சிப்பாயின் தாய் அழுவதற்கும் இடம் வேண்டும். அவவுக்கும் டாங்கி தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு மே 18

2013 மே 18, காலிமுகத்திடலில் வெற்றி அணிவகுப்பு.

2021 மே 12 இரவு முள்ளிவாய்க்காலில் நினைவுத்தூபி உடைக்கப்பட்டது. நடுவதற்குக் கொண்டுவந்து வைத்திருந்த கல்லும் காணாமல் போனது. 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைதானார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும். அதுக்கும் தடைக்கட்டளை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2022 மே 18. அதே காலிமுகத்திடல். போராட்டக் கூடாரங்களின் முன்னால் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பரிமாறினார்கள். விளக்கேற்றினார்கள். தமிழர்களோடு சிங்கள இளைஞர்களும் மதகுருமாரும் நின்றார்கள். அந்தப் போராட்டம் எங்கட பிரச்சினைகளை எவ்வளவு தூரம் விளங்கிக்கொண்டது என்பதில் எனக்கும் நிறையக் கேள்வி இருக்கிறது. பலர் அந்தக் கஞ்சியை என்னவென்று தெரியாமலே குடித்திருக்கலாம். ஆனாலும் ஒன்பது வருஷம் முன்னால் அதே திகதியில் பீரங்கி உருண்ட இடத்தில் ஒரு சிரட்டைக் கஞ்சி கைமாறியது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாடும் உடையவில்லை.

அப்படி ஒரு நாள் ஆட்சி ஆட்டம் கண்டபோதுதான் வந்தது. சாதாரண நாட்களிலும் அது வரவேண்டும் என்றால் விதி தேவை. இராணுவம் உட்பட எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே அட்டவணை. யார் கேட்டது, யார் கொடுத்தது, எத்தனை நாள் வீதி பூட்டப்படும், எவ்வளவு செலவு என்பது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியே இருக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத்தில் வேண்டும்.

அதுவரைக்கும் எங்களிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எங்கட குழு இந்த மாதம் அந்த உள்ளூராட்சி சபைக்கு மறுபடியும் ஒரு கடிதம் எழுதுகிறது. இந்த முறை மைதானம் கேட்கவில்லை. கடந்த ஐந்து வருஷத்தில் அந்த மைதானத்தைப் பயன்படுத்தியவர்களின் விண்ணப்பங்களின் பிரதியைக் கேட்கிறோம். முகாமின் விண்ணப்பம் அதில் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், இல்லை என்று ஒரு அரச அலுவலகம் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். உங்கட ஊரிலும் ஒரு மைதானம் இருக்கும். நீங்களும் எழுதிப் பாருங்கோ.